மோர்கு என்றால் பெரியவர்

மூத்த மகனை மாடியறையில் வைத்துப் பூட்டியிருக்கும் செய்தி நாலு பேருக்கு மட்டுமே தெரியும். பூட்டியவர், பூட்டப்பட்டவனின் மனைவி, அவன் தங்கை, அவன் மகள். அந்த நாலு பேரில் கடைசி ஆளுக்கு வயதே நாலுதான்.

கடைவீதியில், சொந்தக் கடைப் பலகைக்குக் கீழேயே, குடித்துவிட்டுக் குப்புற விழுந்து கிடந்தவனைச் சரக்கு வண்டியில் போட்டுத் தார்ப்பாயால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன் பிறகு, இந்த மூன்று நாளாக, அவனுக்கு ஒரு சொட்டு கிடையாது. கதவுக்கு வெளியே ஏழு லீவர் பூட்டு. சாவி, பூட்டுக்கடைக்காரரான அவன் அப்பாவின் இடுப்பில்.

அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய தாத்தா பூட்டு விற்றார், அப்பா பூட்டு விற்றார், அவரும் விற்கிறார். வீட்டு மானத்தை உள்ளே வைத்துப் பூட்டத் தெரியாதவன் ஊராருக்குப் பூட்டு விற்று என்ன பயன்? கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். மூத்தவன் பித்தளை வாங்க வெளியூர் போயிருக்கிறான்.

அந்தப் பதிலை இன்றைக்கு முக்கியமான ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

மாப்பிள்ளையின் தாய் மதியம் வருகிறார். கடல் தாண்டிய தேசத்தில், குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் தலை நரைக்கும்வரை நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். "பொண்ணப் பாத்தாச்சு, பிடிச்சிருக்கு. இனி வீட்டப் பாக்கணும்" என்று போனில் சொல்லியிருந்தார். பெண், பூட்டுக்கடைக்காரரின் இளைய மகள். மருந்துக்கடையில் வேலை. முப்பதைத் தாண்டியவள், இரண்டு இடம் கைகூடாமல் போனவள். இதுவும் போனால் நாலாவதாக யாரும் வரப்போவதில்லை என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

காலையில் அவள் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, டாக்டரக் கூப்பிடலாம்பா."

"எதுக்கு?"

"அண்ணனுக்குக் கை நடுக்கம் நிக்கவே இல்ல. தினமும் காலையில இருந்து குடிச்சிக்கிட்டிருந்த ஆளு. இப்படி ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வரும். மருந்துக்கடையில நான் பாக்காததா?"

"டாக்டர் வந்தா, அவர் பையப் பாத்துட்டுத் தெருவே பின்னாடி வரும்."

"சுவத்துல பூச்சி ஊருதுன்னு கத்துறாம்பா."

"சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல. பூச்சி எங்கேயிருந்து வரும்?" என்றார் பூட்டுக்கடைக்காரர். அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. "நாளைக்குக் கூப்பிடுவோம். இன்னைக்கு உன் விஷயம்."

தன் விஷயம் என்றதும் மகள் வாயை மூடிக்கொண்டாள். மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு புடவைக்கு இஸ்திரி போடப் போனாள்.

*

மூத்தவனின் மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். அவள்தான் இன்றைக்கு இந்தக் குடும்பத்தின் துருப்புச்சீட்டு.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். ஒன்றரை வயதில், சாப்பிட அடம்பிடிக்கிறாள் என்று ஒரு டேப்லெட்டை அவள் எதிரில் நிறுத்தினார்கள். பூட்டுக் கம்பெனிக்காரன் வியாபாரிகளுக்கு இனாமாகக் கொடுத்தது. அதில் ஏதோ ஓர் அயல்மொழிப் பொம்மைப்படம் ஓடியது. மாற்றத் தெரியாததால் அதுவே ஓடட்டும் என்று விட்டார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்தது மூன்று வேளைக்கும் நிலைத்தது. வீட்டில் பேச்சு குறைவு. சத்தம் பூட்டுக்கடைக்காரருக்குப் பிடிக்காது. மகனோ நிதானத்தில் இருந்தால் ஊமை, இல்லாவிட்டால் உளறல். மருமகளிடம் யாரும் பேசுவதில்லை, வேலை சொல்வதோடு சரி. ஆக, அந்த வீட்டில் குழந்தையின் முகத்தைப் பார்த்து நாள் முழுக்க ஓயாமல் பேசியது அந்த டேப்லெட் ஒன்றுதான்.

குழந்தை பேசத் தொடங்கியபோது ஒருவருக்கும் புரியவில்லை. நாக்கில் ஏதோ கோளாறு என்று பூட்டுக்கடைக்காரர் வைத்தியரிடம் காட்டினார். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அவர்.

பிறகு ஒருநாள், சூட்கேஸுக்குப் பூட்டு வாங்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைக்கு வந்தாள். கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுண்டு அவளிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்து பதில் சொன்னாள். இவளும் சொன்னாள். கடைவீதியே கூடி நின்று பார்த்தது. வாத்தியார் வைக்காமல், புத்தகம் தொடாமல், நாக்கு முளைக்கும்போதே ஒரு தேசத்து மொழி. பூட்டுக்கடைக்காரருக்கு அன்று நெஞ்சு நிமிர்ந்தது. மகன் விழுந்து விழுந்து கூனவைத்த நெஞ்சு அது.

அந்த மொழியில் சுண்டு அவரை 'மோர்கு' என்று கூப்பிடுவாள். அவர் வாசலில் நுழைந்ததும் "மோர்கு" என்பாள். சாவிக்கொத்து குலுங்கினால் "மோர்கு" என்பாள். என்ன அர்த்தம் என்று குழந்தையைக் கேட்டார். "நீதான்" என்றாள். எந்நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிற மருமகளைக் கேட்டார்.

"பெரியவர்னு அர்த்தம், மாமா" என்றாள் அவள், பருப்பைப் பிசைந்தபடியே.

கம்பீரமான சொல் என்று அவருக்குப் பட்டது. கடைப் பையன்கள்கூட மரியாதையாக 'மோர்கு ஐயா' என்றார்கள். இந்த வருஷம் அவர் சொந்தமாக வார்த்த ஏழு லீவர் பூட்டுக்கு அதையே பெயராக வைத்து, பித்தளையில் ஆழமாக முத்திரை குத்தினார். தமிழ் எழுத்தில் ஒரு பக்கம். அந்த தேசத்து எழுத்தில் மறுபக்கம், டேப்லெட்டைப் பார்த்து வரைந்தது. மாடியறைக் கதவில் தொங்குவதும் அந்த ரகம்தான்.

மாப்பிள்ளையின் தாய் நர்ஸாக இருந்ததும் அந்த மொழி பேசும் தேசத்தில்தான். மதியத்துக்குச் சற்று முன்பு சுண்டுவை நாற்காலியில் நிறுத்தி அவர் பாடம் எடுத்தார்.

"வர்றவங்ககிட்ட எந்தப் பாஷையில பேசணும்?"

"அந்தப் பாஷையில."

"நம்ம பாஷையில ஒரு வார்த்தை வரக் கூடாது. இன்னைக்குப் பூரா. என்ன?"

"தாத்தாகிட்டயும் கூடாதா?"

"என்கிட்டயும் கூடாது. அப்பா மேல இருக்கிறத?"

"நம்ம பாஷையில சொல்லக் கூடாது" என்றாள் சுண்டு.

சரியாகச் சொல்கிறாள் என்று அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தாள்.

சுண்டு நாற்காலியிலிருந்து குதித்து மாடிக்கு ஓடினாள். வழக்கமான விளையாட்டுதான். பூட்டிய கதவை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டுவாள். உள்ளேயிருந்து அவன் இரண்டு தடவை தட்டுவான். அது நடந்தால் மேலே கூச்சல் இருக்காது என்பதால் பூட்டுக்கடைக்காரர் அதைத் தடுக்கவில்லை.

*

நர்ஸம்மா பருத்திப் புடவையும் கட்டையான செருப்புமாக வந்தார். நகை இல்லை. கண் மட்டும் எதையும் விடுவதில்லை. கூடத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கூடத்திலிருந்தே ஏறுகிற மாடிப்படியைப் பார்த்தார். உட்காரும்போது நாற்காலியை இழுத்து, படியைப் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டார்.

"வாங்க சம்பந்தியம்மா" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

"அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்போதைக்கு நர்ஸம்மான்னே சொல்லுங்க, பழகின பேரு" என்று சிரித்தார் அவர். "உங்க பையன் எங்க?"

"பித்தளை வாங்க வெளியூர் போயிருக்கான். வியாபாரம் பூரா அவன்தான். நான் சும்மா கல்லாவுல உக்கார்ற ஆளு."

பொய் சுலபமாக வந்தது. பலமுறை திறந்து மூடிய பூட்டு அப்படித்தான் வழுக்கிக்கொண்டு போகும்.

தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. இளைய மகள் வந்து உட்கார்ந்தாள். மருந்துக்கடை வேலையைப் பற்றி நர்ஸம்மா கேட்டார், அவள் தெளிவாகப் பதில் சொன்னாள். இருவருக்கும் ஒத்துப்போனது. பூட்டுக்கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். பட்டுத் துணியில் பொதிந்த பித்தளைப் பூட்டு.

"எங்க புது ரகம். முதல் பூட்டு உங்க வீட்டுக்குப் போகட்டும்."

நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையைப் படித்தார். புருவம் ஏறியது. அவரை ஒருமுறை பார்த்தார், முக்கியமாக அவருடைய மீசையை. உதட்டைக் கடித்துக்கொண்டு பூட்டை மடியில் வைத்தார்.

"எங்க அந்தக் குட்டி மேதை?"

சுண்டு வந்தாள். நர்ஸம்மா அந்த மொழியில் ஒரு கேள்வி கேட்டார். சுண்டுவின் முகத்தில் விளக்கு எரிந்தது. அருவி மாதிரி கொட்டினாள். கையை ஆட்டினாள், குரலை மாற்றினாள், நடுவில் ஒரு பாட்டுகூடப் பாடினாள்.

"அது சோப்பு விளம்பரம்" என்று நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "உச்சரிப்பைப் பாருங்க. அங்க பொறந்த பிள்ளை மாதிரியே இருக்கு. எங்க வார்டுல படுத்திருக்கிற பிள்ளைங்க எல்லாம் இந்தப் படம்தான் பாக்கும்."

"வாத்தியார் கிடையாது" என்றார் பூட்டுக்கடைக்காரர். "ரத்தத்துல வரணும்ல."

"இப்ப என்ன சொல்றா தெரியுமா? நீல அணில் கோபுரத்துல இருக்காம். வெளிய பூட்டாம். அது அந்தப் படத்துல வர்ற கதை. அணில் கோபுரத்துல அடைபட்டுக் கிடக்கும்."

"கதை சொல்லுவா. கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

சுண்டு மேலும் சொன்னாள். நர்ஸம்மா மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். "இவ தட்டுவாளாம், அணில் திருப்பித் தட்டுமாம். அணிலுக்குக் கை ஆடுதாம். தண்ணி குடிச்சா டம்ளர் ஆடுதாம்." அங்கே அவருடைய சிரிப்பு நின்றது. "இது அந்தப் படத்துல வராதே" என்று முணுமுணுத்தார். அந்த மொழியில் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

சுண்டு விரலை மேலே நீட்டினாள்.

அப்போது மாடியில் சத்தம் கேட்டது. கனமான எதுவோ தரையில் மோதிய சத்தம். பிறகு இன்னொன்று.

"எலி" என்றார் பூட்டுக்கடைக்காரர். "மேல பழைய சரக்கு போட்டு வெச்சிருக்கோம்."

நர்ஸம்மா இப்போது மொழிபெயர்க்கவில்லை. குழந்தையிடம் சின்னச் சின்னதாகக் கேட்டார், குழந்தை சின்னச் சின்னதாகப் பதில் சொன்னாள். பூட்டுக்கடைக்காரர் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு சொல்லும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தார். 'மோர்கு' என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அது வரும்போதெல்லாம் முகத்தில் புன்னகையை இழுத்துவிட்டுக்கொண்டார். வேறு என்ன செய்வது?

நர்ஸம்மா நிமிர்ந்தார். குரல் ஆஸ்பத்திரிக் குரலாக மாறியிருந்தது.

"மேல யாரு இருக்கா?"

"சொன்னேனே. சரக்கு."

"ஏம்மா," மருமகளைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் எங்க?"

மருமகள் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நாத்தனாரின் கண்கள் அவள்மேல் இருந்தன. கெஞ்சுகிற கண்கள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கண்கள் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

"வெளியூர்ல இருக்காருங்க" என்றாள்.

"நீ சொல்லும்மா. மருந்து படிச்ச பொண்ணு நீ."

இளைய மகள் தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணன் வெளியூர்ல, ஆன்ட்டி."

நர்ஸம்மா மூவரையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நீங்க மூணு பேரும் நல்லாத் தமிழ் பேசுறீங்க. இந்தப் பிள்ளை பொம்மைப்படம் பாத்துப் பேசக் கத்துக்கிட்டவ. பொய் சொல்ற அளவுக்கு அவளுக்கு அந்தப் பாஷை இன்னும் வரல."

நர்ஸம்மா பூட்டின் முத்திரையைச் சுட்டினார்.

"இந்தப் பேரு என்னன்னு தெரிஞ்சுதான் குத்தினீங்களா?"

"பெரியவர்னு அர்த்தம்."

"யாரு சொன்னா? மோர்குங்கிறவன் அந்தக் கோபுரத்துக் காவல்காரன். பெரிய மீசை, இடுப்புல சாவி. ஒவ்வொரு கதை முடியும்போதும் சேத்துல விழுவான். பிள்ளைங்க கைதட்டும். அங்கெல்லாம் பெரிய ஆளுங்கள அப்படிச் சொன்னா அடிக்க வருவாங்க." எழுந்தார். "யோசிச்சுச் சொல்றேன்."

யோசிச்சுச் சொல்றேன் என்றால் என்ன என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏற்கனவே இரண்டு தடவை கேட்டதுதான்.

நர்ஸம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். இளைய மகள் வெறுங்காலோடு பின்னால் ஓடினாள்.

*

பூட்டுக்கடைக்காரர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். பிறகுதான் மருமகள் பக்கம் திரும்பினார்.

"குழந்தை என்ன சொன்னா?"

"நர்ஸம்மாதான் சொன்னாங்களே, மாமா."

"பாதியில நிறுத்திட்டாங்க. மீதி உனக்குத் தெரியும். நாள் பூரா கூடவே உக்காந்து கேட்டவதானே நீ? சொல்லு."

அவள் டம்ளர் தட்டைக் கீழே வைத்தாள். சொல்லத் தொடங்கினாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"'நீல அணில் எங்க அப்பா. மோர்கு எங்க தாத்தா. மோர்கு அப்பாவ வண்டியில போட்டு மூடிக் கொண்டுவந்தாரு. சாவி மோர்கு இடுப்புல இருக்கு. அப்பா அழறாரு. அப்பாவுக்குச் சுவத்துல பூச்சி தெரியுது, எனக்குத் தெரியல. அத்தைக்குக் கல்யாணம் ஆனதும் மோர்கு தொறப்பாரு.' அவ்வளவுதான், மாமா."

"அத்தனையும் நீ சொல்லிக் குடுத்தியா?"

"நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்? அவ கண்ணால பாக்குறா. அவளுக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றா."

"மோர்குன்னா பெரியவர்னு சொன்னியே."

"கோபுரத்துல பெரியவர் அவர்தானே, மாமா."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு வருஷமாக அவள் கண் எதிரிலேயே அவர் கடைவீதியில் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறார். கடைப் பையன்கள் 'மோர்கு ஐயா' என்றபோது தலையை ஆட்டியிருக்கிறார். தன் காசில், தன் அச்சில், தன் தாத்தா தொடங்கிய தொழிலில், தன்னையே சிறைக்காவலன் என்று ஆயிரக்கணக்கில் முத்திரை குத்தியிருக்கிறார். அவள் பருப்பைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"இந்த வீட்ல என்கிட்ட யாரும் பேச மாட்டீங்களே, மாமா. நீங்க என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதுக்கு ஒரு பதில் சொன்னேன்."

அவர் கை ஓங்கவில்லை. பெண்ணை அடிக்கிற குடும்பம் இல்லை அது. சோபாமேல் கிடந்த டேப்லெட்டை எடுத்தார். அதில் நீல அணில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தது. இரும்பு பீரோவில் அதைப் போட்டு, மேஜைமேல் கிடந்த அந்தப் புதுப் பூட்டை எடுத்துக் கொண்டியில் மாட்டி அழுத்தினார். ஏழு லீவரும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த சத்தம் கேட்டது. நல்ல பூட்டு. பெயர்தான் தப்பு.

"இனிமே இந்த வீட்ல அந்தப் பாஷை கிடையாது. தமிழ் மட்டும்தான். தெரியலன்னா வாய மூடிக்கிட்டு இருக்கட்டும்."

அதைச் சொன்ன பிறகுதான் கவனித்தார், யாருக்காகச் சொன்னாரோ அவள் அங்கே இல்லை. அவர் மருமகளை விசாரித்துக்கொண்டிருந்தபோதே சுண்டு படியேறிப் போயிருந்தாள்.

அவர் ஜன்னலோரம் வந்து திரையை விரலளவு விலக்கினார்.

வாசலில் கார் நின்றிருந்தது. நர்ஸம்மா ஒரு கையைக் கார்க் கதவில் வைத்திருந்தார். இன்னொரு கையை இளைய மகள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் தலை குனிந்திருந்தது, தோள் குலுங்கியது. நர்ஸம்மா கதவிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கை மெல்ல ஏறி, அவள் கன்னத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கியது.

பூட்டுக்கடைக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தார். மனசு இளகுகிறது. அந்த அம்மாவுக்கு மனசு இளகுகிறது. எல்லாம் முடிந்துவிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்தால் போதும்.

மாடியில் சத்தம் இல்லை.

படியில் சின்னக் காலடி கேட்டது. சுண்டு பாதிப் படிவரை இறங்கி நின்றாள். தாத்தாவைப் பார்த்து அந்த மொழியில் ஏதோ சொன்னாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை, இன்னும் தெளிவாகச் சொன்னாள். இன்றைக்குப் பூரா நம்ம பாஷை கூடாது என்று அவர்தான் சொல்லியிருந்தார். சொன்னதை மறக்கிற பிள்ளை இல்லை அவள்.

"என்ன சொல்றா?" என்றார், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"'தட்டினேன்...'" என்று மருமகள் பழக்கத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினாள். "'தட்டினேன். திருப்பித் தட்டல. கதவுக்கு அடியில பாத்தேன். அப்பா வாயில நுரை...'"

அவளுக்கு அதற்குமேல் மொழிபெயர்க்க முடியவில்லை. குழந்தையைத் தாண்டி, புடவை தடுக்க, படிகளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே கதவு அதிர்ந்தது. ஏழு லீவர் பூட்டு அசையுமா? ஆடாமல் நிற்கும் என்றுதானே அதை விற்கிறார்.

"மாமா, சாவி."

அவள் கத்தவில்லை. அந்த வீட்டில் கத்தக் கூடாது என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அவர் கை இடுப்புக்குப் போனது. கொத்தில் எது அந்தச் சாவி என்று பார்க்கத் தேவையில்லை, விரலுக்கே தெரியும். அதைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டார். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

வாசலில் நிற்பவர்களில் ஒருத்தி நர்ஸ். ஒருத்தி மருந்து படித்தவள். கூப்பிட்டால் இருபது அடியில் ஓடி வந்துவிடுவார்கள். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வர ஒரே படி. படி இறங்கினால் கூடம், கூடத்துக்கு எதிரே வாசல், வாசலில் அந்த அம்மா. வெளியூர் போன மகன் வாயில் நுரையோடு மாடியிலிருந்து இறங்குவதை, சம்பந்தியாகப் போகிறவர் கண்ணால் பார்ப்பார். பார்த்த பிறகு மிச்சம் என்ன இருக்கும்?

"மாமா, சாவியக் குடுங்க. மாமா."

வாசலில் நர்ஸம்மா இளைய மகளின் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஏதோ சொன்னார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறார்.

"கார் கிளம்பட்டும்" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

சுண்டு படியில் அப்படியே நின்றிருந்தாள். அவருடைய கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மோர்கு" என்று கூப்பிட்டாள்.

இந்தத் தடவை அதை அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சாவி உள்ளங்கையில் வியர்வையில் நனைந்தது. மேலே கதவை அடித்துக்கொண்டிருந்த மருமகளின் கை இப்போது அடிப்பதை நிறுத்திவிட்டு, விரல் முட்டியால், மெல்ல, இரண்டு தடவை தட்டியது. காத்திருந்தது. மறுபடி இரண்டு தடவை தட்டியது.

வெளியே நர்ஸம்மா காரில் ஏறி உட்கார்ந்தார். ஏதோ நினைத்துக்கொண்டவராகக் கண்ணாடியை இறக்கி, வீட்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் இன்னும் கிளம்பவில்லை.